மண்ணுக்குள் போன முத்தம்

பேராசிரியர் என்று சொல்லிக்கொண்டு வந்த மனிதர் கதிரையில் உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது கட்டிலுக்கு அடியில். சுதாஜினி அதைக் கவனித்தாள். அந்த வீட்டுக்கு வருபவர்கள் வீட்டுக்காரக் கிழவி சிஞ்ஞோரா இடாவின் முகத்தைப் பார்ப்பார்கள். சுவரில் தொங்கும் படங்களைப் பார்ப்பார்கள். திருடர்களாக இருந்தால் அலமாரியைப் பார்ப்பார்கள். கட்டிலுக்கு அடியில் பார்ப்பவருக்கு அங்கே இருப்பதைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இருந்ததுதான். இப்போது இல்லை.

சொன்னது ரெனாத்தோவாகத்தான் இருக்கும். சிஞ்ஞோராவின் அண்ணன் மகன், வக்கீல்; பேராசிரியரைக் கூட்டிவந்து பக்கத்தில் நின்றான். பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் இருக்கும் இந்த நாலாம் மாடி வீட்டில் சுதாஜினி தங்கி வேலை செய்கிறாள். எண்பத்தெட்டு வயதுக் கிழவியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பம்பர்ஸ் மாற்றுவது. வேலை ஒப்பந்தத்தில் ரெனாத்தோ கையெழுத்துப் போட்டால்தான் அவளுடைய பெர்மெசோ, இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி, புதுப்பிக்கப்படும். அது முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. ரெனாத்தோ நாளை நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு பேசினார். சிஞ்ஞோராவின் தகப்பன் வீத்தோ மங்கானாரோ பதினேழு வயதில் பலெர்மோவிலிருந்து கப்பலேறியவர். ஹாலிவுட்டில் விளக்குத் தூக்கினார், கூட்டத்தில் நின்று நடித்தார், பிறகு விக்டர் மானிங் என்ற பெயரில் இயக்குநரானார். பேசாப் படக் காலத்தில் இருபத்தொரு காதல் படங்கள். ஒவ்வொன்றும் முத்தத்தில்தான் முடியும். அமெரிக்கப் பெண்கள் கைக்குட்டையோடு கொட்டகைக்குப் போனார்களாம்.

"கமெராவுக்குப் பின்னால நிண்டு கதைச்சுக்கொண்டே இருப்பாராம். 'அவளின்ர கண்ணைப் பார், கிட்ட போ, நீ இல்லாட்டி நான் செத்துப்போவன் எண்டு நினை.' நடிகர்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் உருகினவை. சத்தம் பதிவாகாதுதானே. பேசும் படம் வந்ததோட எல்லாம் முடிஞ்சுது. முதல் படத்திலயே அவரின்ர குரலும் சேர்ந்து பதிவாகிட்டுது. காதலி கண்ணை மூடுறாள், எங்கையோ இருந்து ஒரு சிசிலிக்காரன் 'கிட்ட போ, கிட்ட போ' எண்டுறான். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. வாயை மூடிக்கொண்டு அவருக்கு வேலை செய்யத் தெரியேல்லை."

"இஞ்சை வந்து கொட்டகையில டிக்கெட் கிழிச்சவர்," என்றாள் சிஞ்ஞோரா. "வீட்டில உப்புக் கேக்க மட்டும்தான் வாய் திறப்பார். அம்மாவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதை நான் கேட்டதில்லை. எல்லாத்தையும் அங்கை ஊராரின்ர பெண்டுகளுக்குச் சொல்லி முடிச்சிட்டார்."

பேராசிரியர் அவசரமாகத் தலையாட்டினார். இருபத்தொன்றில் ஒன்றுகூட உலகத்தில் மிஞ்சவில்லை என்றார். எரிந்தவை, உருக்கியவை, தொலைந்தவை. "ஆனா நாலு தகரப் பெட்டி உங்களிட்ட இருக்கெண்டு கேள்விப்பட்டன்."

"சின்ன வயசில நானே பாத்தனான், அத்தையின்ர கட்டிலுக்குக் கீழ," என்றான் ரெனாத்தோ. குனிந்து பார்த்தான். நிமிர்ந்து சுதாஜினியைப் பார்த்தான். "இந்த அறையைக் கூட்டுறது நீர்தானே?"

சிஞ்ஞோரா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பெட்டி இஞ்சை இருக்கவேணும்," என்றான் ரெனாத்தோ. "இல்லாட்டி குவெஸ்தூராவில பொலிசோட சந்திப்பம்."

அவர்கள் போனதும் சுதாஜினி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பிருந்தாபனுக்குப் போன் அடித்தாள். அவளுடைய புருஷன் நகருக்கு வெளியே சியாகுல்லியில் மந்தரீன் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்கிறான்.

"அந்தப் பெட்டியளைக் கிண்டி எடுங்கோ," என்றாள்.

"உனக்கென்ன விசரே? குடுத்தா நீ எடுத்தனி எண்டுதானே அர்த்தம்? மண்ணுக்குள்ள கிடக்கட்டும். ஆருக்குத் தெரியும்?"

"குடுக்காட்டியும் கள்ளிதான். மனிசி ஒளிக்கச் சொல்லித்தானே நான் ஒளிச்சனான்? அவவே சொல்லுவா."

"ரெனாத்தோ கேக்கேக்க சொன்னவவே?"

சுதாஜினி போனை வைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், குளிக்க வார்க்கும்போது, சிஞ்ஞோரா போரைப் பற்றிக் கேட்டாள். ஓடும்போது சாமானையெல்லாம் என்ன செய்தீர்கள்? மண்ணுக்குள் தாட்டோம் என்றாள் சுதாஜினி. வன்னியில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். பொலித்தீனால் சுற்றி, அதற்கு மேல் தறப்பாளைச் சுற்றி, கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு, திரும்பி வந்து கிண்டலாம் என்று ஓடினார்கள். கிண்டினபோது? தையல் மெஷின் நன்றாக இருந்தது. கலியாண அல்பம் கூழாகிப் போயிருந்தது. ஒரு முகமும் இல்லை. சிஞ்ஞோரா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அடுத்த கிழமை பெட்டிகளைக் காட்டினாள். "ரெனாத்தோ இதை வித்துப்போடுவான். உங்கட ஊரில செய்த மாதிரிச் செய்."

பெட்டிகளைச் சுற்றிக் கொடுக்க, பிருந்தாபன் தோட்டத்தில் தாட்டான். அன்றைக்கு சுதாஜினிக்குப் பெருமையாக இருந்தது. கிழவி தன்னை நம்புகிறாள் என்று நினைத்தாள். இப்போது பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்று யோசித்தபோது, ஏன் இரண்டு தடவை கேட்டாள் என்ற கேள்வி வந்தது. வந்த பிறகு போகவில்லை. ஞாயிறு வரை கிழவியின் தலையணையைச் சரிசெய்யும்போதெல்லாம் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். கிழவியும் அவளை உற்றுப் பார்த்தாள்.

ஞாயிறு காலை பிருந்தாபன் தோட்டத்துச் சின்ன வானில் பெட்டிகளைக் கொண்டுவந்து பல்கனியில் இறக்கிவிட்டு, ஒருவரையும் பாராமல் இறங்கிப் போனான். ரெனாத்தோவோடு வந்திருந்த பேராசிரியர் மண்ணைத் தட்டினார். பொலித்தீனைக் கண்டதும் அவர் கை நின்றுவிட்டது.

"ஆர் இதைச் சுத்தினது? இந்தப் பிலிமுக்குக் காத்து வேணும். இப்பிடி மூடினா தன்னைத் தானே தின்னும்."

முதல் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தார்கள். கால்வியர்வையில் புளித்த சப்பாத்து நாற்றம் வீட்டுக்குள்ளும் வந்தது. உள்ளே கபிலநிறப் பிசின், அதன்மேல் நுரை. மற்ற மூன்றும் அப்படித்தான். நான்காவதில் விரல்நீளத் துண்டு ஒன்று ஒட்டாமல் கிடந்தது. பேராசிரியர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பெண்ணின் காதும் கொஞ்சத் தலைமயிரும். காதுக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்பது கரைந்துவிட்டது. அவர் அழுதார்.

சுதாஜினி கட்டிலருகே வந்து நின்றாள். "சிஞ்ஞோரா, சொல்லுங்கோ. ஆர் சொல்லி நான் செய்தனான்? சொல்லாட்டி இப்பவே போறன். பின்னேரம் பம்பர்ஸை ரெனாத்தோ மாத்தட்டும்."

ரெனாத்தோ ஒரு அடி பின்னால் போனான். சிஞ்ஞோரா பல்கனியை, பெட்டிகளை, அழுகிற மனிதரைப் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"நான்தான் சொன்னனான்," என்றாள். "ஒளிச்சு வை எண்டு. மண்ணுக்குள்ள புதைக்கச் சொல்லேல்லை. பாவம், அவளுக்கு விளங்கேல்லை."

ரெனாத்தோ மூச்சை விட்டான். பிறகு சிரித்தான். "கள்ளி எண்டு நினைச்சன். கடைசியில மடைச்சி."

சுதாஜினியின் வாயில் ஒரு பதில் இருந்தது. உங்கட ஊரில செய்த மாதிரி என்று சொன்னது யார் என்ற பதில். அதைச் சொன்னால் கிழவி மறுப்பாள். யாரை நம்புவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கள்ளிக்குக் குவெஸ்தூரா. மடைச்சிக்கு வேலை உண்டு.

"ஓம்," என்றாள். "எனக்கு விளங்கேல்லை."

குசினிக்குப் போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்து ரெனாத்தோவின் முன் நீட்டினாள். அவன் சிரிப்பு அடங்காமலே கையெழுத்துப் போட்டான்.

அவர்கள் போன பிறகு பல்கனியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். நாற்றம் முழுதாகப் போகவில்லை. கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"அல்பம் கூழாப் போனதெண்டு தெரிஞ்சுதானே சொன்னனீங்கள்?"

"பசிக்குது," என்றாள் சிஞ்ஞோரா.

சுதாஜினி சூப்பைச் சூடாக்கினாள். நாக்கில் வைத்துப் பதம் பார்த்துவிட்டுத்தான் ஊட்டினாள். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு இருந்தது. கிழவியும் அதுவரை இருக்க வேண்டும்.