சண்முகநாதன் ஐயா வீட்டு வெந்நீர்

மூன்றாவது தடவையும் கடுகண்ணாவைக்குப் போகச் சொன்னபோது எனக்கு வந்த சூட்டில் ஒரு டாங்கித் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கலாம். முதல் இரண்டு தடவையும் அந்த மெஷினில் ஒரு பழுதும் இருக்கவில்லை. பழுதே இல்லாத சாமானைத் திருத்துவதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை.

வீடு சண்முகநாதன் ஐயாவுடையது. மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் நிரஞ்சனி கலியாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பெண் குழந்தை பெற்று, கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பச்சை உடம்புக்காரிக்கு நொச்சி இலை போட்டு வெந்நீர் ஊற்ற வேண்டும். அதற்காகத்தான் ஐயா ஊரில் யாரும் வாங்காத, தண்ணீர் சுட வைக்கிற ஹீட் பம்ப் மெஷின் வாங்கினார். அதை சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் பொருத்திப் பூட்டிக் கொடுத்தவன் நான், றெஜினோல்ட்.

ஐயாவின் மனைவி ஞானேஸ்வரி அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த மெஷினைப் பிடிக்கவில்லை. விடிந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று புகார் சொன்னார். இரண்டு தடவையும் நான் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கையைச் சுட்டது.

"தம்பி, ஒங்க மெஷினு ஒங்களக் கண்டா மட்டும்தான் வேலை செய்யுது. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்து பாருங்க. அப்பவும் தண்ணி சுடலன்னா, பத்து மணிக்கு வேன் வருது. மகளையும் பிள்ளையையும் புசல்லாவைக்கு அனுப்புறேன். சம்பந்தி வீட்டுல விறகடுப்பாவது இருக்கு" என்று அம்மா போனில் சொன்னார்.

ஏழு மணிக்குப் போனேன். கடுகண்ணாவைக் கணவாயில் பனி இறங்கியிருந்தது. வாசலில் இரண்டு பேக்கும், சுருட்டிய மெத்தையும், குழந்தையின் நுளம்பு வலையும் புறப்படத் தயாராக இருந்தன. ஐயா மஃப்லர் சுற்றிக்கொண்டு அந்த மெத்தைக்குப் பக்கத்திலேயே நின்றார். மெத்தையைப் பார்த்த பார்வையைப் பார்த்தால், யாரோ இறந்த வீடு என்று நினைத்துவிடுவீர்கள்.

"தம்பி, எப்படியாவது சரி பண்ணிடுங்க" என்றார் மெதுவாக.

குழாயைத் திறந்து அளந்தேன். முப்பத்தாறு பாகை. அம்மா ஒரு விரலை நனைத்து, அதைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

சாமான் அறைக் கதவு லேசில் திறக்கவில்லை. தோளால் இடித்தேன். உள்ளே நுவரெலியாக் குளிர் இருந்தது. காற்றுப் போக நான் கதவின் கீழே வைத்த கம்பித் தட்டியில் இடுப்பில் கட்டுகிற சாரம் இரண்டு திணித்திருந்தது. மேலே இருந்த துவாரத்தில் ஒரு கறுப்புக் கோட். மிச்ச இடுக்குகளில் பேப்பர். கடிதம் ஒட்டுகிற மாதிரி நாலு பக்கமும் அழகாக ஒட்டியிருந்தது. கந்தோரில் கிளார்க் வேலை செய்தவர் கை அது.

"இது ஒங்க கோட்டுதானே?" என்று அம்மா கேட்டார். ஐயா கூரையைப் பார்த்தார்.

ஐயாதான் பொழுதுபட்டதும் அடைப்பாராம். காலையில் குளிப்பாட்டி முடிந்த பிறகு எடுத்துவிடுவாராம். பதினொரு மணிக்கு நான் போகும்போது அறை திறந்திருக்கும், தண்ணீரும் சுட்டிருக்கும். இரண்டு நாள் பெற்றோல் வீண்.

"ஐயா, ஃப்ரிஜ்ஜுக்குப் பின்னால கை வச்சுப் பாத்திருக்கீங்களா?"

"சுடும்."

"உள்ள இருக்கிற சூட்டை எடுத்து அது வெளிய தள்ளுது. அதான் சுடுது. இது அதுக்கு நேர் மாறு. அறைக் காத்துல இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணிக்குள்ள தள்ளுது. காத்த அடைச்சா எங்கேயிருந்து எடுக்கும்?"

"இவ்வளவு பனியில காத்துல ஏது சூடு?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி. மெஷினுக்குள் ஒரு வாயு சுற்றுகிறது. அது நம் பனிக்காற்றையும் விடக் குளிர்ந்தது. அதனால் பனிக்காற்றே அதற்கு அடுப்பு மாதிரி. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட வாயுவை கம்பிரஸர் அமுக்குகிறது. சைக்கிள் பம்பை அமுக்கினால் நுனி சுடுகிறதே, அப்படி அது நன்றாகச் சூடேறி டாங்கியைச் சுற்றி ஓடித் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்கிறது. கரண்ட் தேவைப்படுவது பெரும்பாலும் அந்த அமுக்கலுக்குத்தான். இதை நான் எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். அம்மா மட்டும்தான் மேலே கேட்டார்.

"சூட்டை எடுத்துட்டா, மிச்சக் காத்து குளிருமே?"

ஐயா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். நான் பொய் சொல்லப் பழகியவன்தான். ஆனால் அந்த அறையில் நின்று எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

"குளிரும்மா. அது கதவுத் தட்டி வழியா மகளோட அறைப் பக்கமாத்தான் போகும்."

"தெரிஞ்சா அன்னைக்கே அனுப்பியிருப்ப" என்றார் ஐயா அம்மாவிடம். "காத்து புள்ளைக்குப் படவும் கூடாது, ஒனக்குத் தெரியவும் கூடாதுன்னுதான் அடைச்சேன். அடைச்சா சூடு உள்ளுக்கே நிக்கும்னு நெனச்சேன். பதினோரு வருஷம், ஞானம். ஏழு நாள்தான் பாத்திருக்கேன்."

அம்மா கோட்டை உதறி மடித்தார். ஒரு முறை மடித்தது சரியில்லையென்று பிரித்து மறுபடி மடித்தார்.

"இந்தக் குளிர வெளியில விட ஏலுமா, தம்பி?"

ஏலும். பூட்டிய அன்றைக்கே நான் குழாய் போட்டு வெளியே விட்டிருக்க வேண்டும். அன்று மழை, எனக்குச் சோம்பல். அதை நான் அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

"அரை நாள் வேலைம்மா."

"அப்ப வேன்காரருக்கு நான் சொல்லிடுறேன். நீங்க மெத்தைய உள்ள எடுத்து வைங்க" என்றார் ஐயாவிடம். ஐயா மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அறுபத்தெட்டு வயது.

சமையலறைச் சுவரை உடைத்து, அடுப்புப் பக்கத்துக் காற்று மெஷினுக்குப் போக வழி செய்தேன். குளிர்காற்றுக்குப் பின்சுவரில் ஓட்டை போட்டு ஒரு குழாயை வெளியே விட்டேன்.

"அப்ப என்னோட அடுப்புச் சூட்டை எடுத்துத்தான் எனக்கே குடுக்குதா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"கெட்டிக்காரன்தான்" என்றார். மெஷினைச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு கிழமை கழித்து, யாரும் கூப்பிடாமலே போனேன். ஏழரை மணி. தண்ணீர் ஐம்பத்து நாலு பாகை. ஐயாவைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் தேடினேன். பின்சுவர்க் குழாயின் வாய்க்கு நேர் எதிரே கதிரை போட்டு, கோட்டும் மஃப்லரும் போட்டு உட்கார்ந்திருந்தார். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"ஐயா, கதிரைய அந்தப் பக்கம் போட்டா என்ன?"

"வேணாம் தம்பி. இது குளிர்ந்தா உள்ள தண்ணி சுடுதுன்னுதானே அர்த்தம்?"

குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், குழந்தை வீறிட்டு அழுகிற சத்தமும் கேட்டன. ஐயா குழாய்க்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.