றேமண்ட் பொறுக்கின சாமான்கள்

செலீனின் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தேத்தண்ணி, பிறகு ஷோகேஸ். அதில் தப்பின ஆள் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இல்லை. கோயில் குருவானவரிலிருந்து கரண்ட் பில் கொண்டுவாறவன் வரைக்கும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்து, இது நுவரெலியாவில எடுத்த பைன் காய், இது சிகிரியா அடிவாரத்துக் கல், இது தலவில கடற்கரைச் சிப்பி என்று ஒப்புவித்துத்தான் அனுப்புவாள்.

அதில் ஒன்றுகூடக் காசு குடுத்து வாங்கினதில்லை. அது அவள் புருஷன் றேமண்டின் சட்டம். மருதானையில் ஒரு மோட்டார் சாமான் கடையில் அவனுக்குக் கணக்கு எழுதுகிற கிளாக் வேலை. வருஷத்துக்கொரு லீவு, லீவுக்கொரு பயணம், பயணத்துக்கொரு சாமான். "வாங்கினா அது கடைச்சாமான். குனிஞ்சு பொறுக்கினாத்தான் ஞாபகம்" என்பான். ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி, இடமும் வருஷமும் எழுதிவைப்பான். மனுஷனுக்கு வேறு பைத்தியம் இல்லை, இது ஒன்றுதான்.

சமாதானம் என்று வடக்குக்குப் பாதை திறந்த காலத்தில், கோயில் ஆக்களோடு பஸ்ஸில் மடு மாதா கோயிலுக்குப் போய், அப்படியே யாழ்ப்பாணத்தையும் பார்த்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் அதுதான் முதல்தரம். மடுவில் ஒரு பிடி மண் எடுத்தான். முந்திப் புலிகளும் ஆமியும் சண்டை பிடித்த ஆனையிறவில் பஸ்ஸை நிற்பாட்டியபோது றோட்டோரம் கிடந்த வெறுந் தோட்டாக் கோது ஒன்றை எடுத்தான். பஸ்ஸில் வந்த எல்லாரும்தான் பொறுக்கினார்கள். பொறுக்காதவன் மடையன் மாதிரி இருந்தது அன்றைக்கு. செலீன் அதைப் புளி போட்டு மினுக்கி, ஒரு பிளாஸ்டிக் பூவைச் செருகிவைத்தாள். மினுக்கின மினுக்கில் பிளாஸ்டர் துண்டு கழன்று போனது.

பிறகு சமாதானமும் போனது. சண்டை திரும்பத் தொடங்கி, கொழும்பில் வீடு வீடாகச் செக்கிங். ஒரு விடியக்காலம் அவர்களின் மாடிக்கும் வந்தார்கள். ஆமிக்காரரோடு வந்த இளந்தாரிப் பொலிஸ்காரன் ஷோகேஸைக் காட்டி, இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். கேட்டால் செலீனின் வாய் நிற்குமா? வந்த ஆளுக்குக் காட்டுகிற பழக்கத்தில் நுவரெலியாவில் தொடங்கினாள். கோதுக்கு வந்தபோதும் நிற்காமல், இது ஆனையிறவில் எங்கட ஆள் எடுத்தது என்று பெருமையாகவே சொன்னாள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் பூவை உருவி மேசையில் வைத்தான். தோட்டாக் கோதையும் றேமண்டையும் கொண்டுபோனார்கள்.

செலீன் அழவில்லை. அழவேணும் என்று தெரிந்தது, வரவில்லை. கோப்பைகளைக் கழுவினாள். கழுவினதையே இன்னொருக்கால் கழுவினாள். பயம்கூடப் பக்கத்து வீட்டில் நடக்கிற சண்டை மாதிரித்தான் கேட்டது.

றேமண்டின் அக்கா பேர்ணடெற் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். "விசரி, இன்னும் இதுகளை வச்சுக்கொண்டிருக்கிறியே? திரும்பவும் வருவாங்கள். மடு எண்டு எழுதியெல்லோ கிடக்கு. மண்ணைக் கண்டா வெடிமருந்து எண்டுவாங்கள். எல்லாத்தையும் எறி."

"நுவரெலியாக் காயையுமோ மச்சாள்?"

"எல்லாத்தையும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இரண்டு பேருமாகக் கோதுமை மாப் பையில் போட்டுக் கட்டி, காலையில் வந்த குப்பை லொறியில் எறிந்தார்கள். செலீன் தட்டுகளை டெற்றோல் போட்டுத் துடைத்தாள். புருஷனைக் காப்பாற்ற ஏதோ செய்துவிட்டோம் என்று ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதோடு படுத்து நித்திரையும் கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பின்னேரம், வேறொரு இன்ஸ்பெக்டர், வயதான மனுஷன், றேமண்டைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். றேமண்டின் முகம் வற்றிப்போயிருந்தது. ஆனாலும் அவளைக் கண்டதும் சிரித்தான்.

"பயப்பிடாத. இந்த இன்ஸ்பெக்டர் மாத்தயாவுக்கு எல்லாம் விளங்கப்படுத்திப்போட்டன். போற இடமெல்லாம் ஒண்டு பொறுக்கிறனான், ஒவ்வொண்டிலயும் இடம் எழுதிக்கிடக்கு, வந்து பாருங்கோ எண்டனான். கண்ணால கண்டா விடுறன் எண்டவர். காட்டு செலீன். ஆக்களுக்குக் காட்டுற மாதிரி வடிவாக் காட்டு."

றேமண்டே ஷோகேஸ் பக்கம் திரும்பினான்.

"எங்க வச்சனீ?"

"எறிஞ்சிட்டன்."

"சிகிரியாக் கல்லு?"

"எல்லாம்."

ஊரே பார்த்த ஷோகேஸ்தான். ஆனால் தமிழனுக்குத் தமிழன் சொல்கிற சாட்சியை அந்த நேரம் யார் எடுத்தார்கள்?

என்ன சொல்கிறாள் என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். செலீன்தான் சொன்னாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் தண்ணிபட்ட பாடு. எல்லாம் இருந்தது, நான்தான் எறிந்தேன் என்று பிசகில்லாமல் சொன்னாள்.

"ஏன் எறிந்தீங்க நோனா?"

"பயத்தில."

"மறைக்க ஒன்றுமில்லை என்றால் எதுக்குப் பயம்?"

உங்களுக்குத்தான் என்று அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அவள் டெற்றோல் மணக்கிற வெறுந் தட்டை இன்னொருக்கால் துடைத்தாள். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டார்.

வாசலில் செருப்பைக் கொழுவும்போது றேமண்ட் சிங்களத்தில், "அவளில பிழையில்லை மாத்தயா" என்றான். இன்ஸ்பெக்டர் ஓம் என்று தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே அவனுடைய கையைப் பிடித்து ஜீப்புக்குக் கூட்டிப்போனார்.