இடைவேளையில் பேசிக்கொள்ளலாம்

வீட்டுக்கு வந்து கேசரி தின்றுவிட்டு, போனில் வேண்டாம் என்று சொன்னவர்கள் ஏற்கெனவே இரண்டு பேர். அதனால் மூன்றாவது வரனை வெளியிலேயே பார்த்துவிடுவது என்று அண்ணன் செங்கல்வராயன் முடிவு செய்தார். மாப்பிள்ளை ஜெயக்குமார், மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். இடம் அவர் சொன்னதுதான். செங்கல்பட்டில் ஒரு தியேட்டர், ஞாயிறு காலை பத்தரை மணி ஆட்டம். அவரும் அவர் அம்மாவும், நானும் அண்ணனும். "இடைவேளையில பேசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் நான் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது அண்ணனின் கண்டிப்பு.

நான் புதுப்பட்டினத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். எதற்கும் மணி பார்ப்பது தொழில் பழக்கம். படம் மூன்று மணி நேரம் நாற்பத்தெட்டு நிமிடம் என்பது தியேட்டர் வாசலில்தான் தெரிந்தது.

"இன்னாண்ணா இது? இவ்ளோ நேரத்துல ரயில்ல போனா திருச்சியே வந்துடும்" என்றேன்.

"வாய மூடிகினு வா துர்கா" என்றார் அண்ணன். உட்கார்ந்த கால் மணியில் தூங்கியும் போனார்.

அவருக்கும் ஜெயக்குமாருக்கும் நடுவில் நானும், ஜெயக்குமாரின் அம்மா ஞானம்பாளும். கதாநாயகன் காரிலிருந்து இறங்கி மாடிப்படி ஏறுவதற்கு ஆறு நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் நான் இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்துப் பஞ்சு வைத்து அனுப்பியிருப்பேன். வில்லன் தன் அப்பா செத்த கதையைச் சொன்னான். சொன்னதையே பிறகு காட்டினார்கள். தம்பிக்காரன் வந்து கேட்டதும் மறுபடி முதலிலிருந்து காட்டினார்கள். ஒரு தரம் சொன்னால் விளங்காத ஜனங்கள் என்று நம்மைப் பற்றி எண்ணம். இதற்குப் பெயர் பிரம்மாண்டமாம். சொல்ல விஷயமில்லாதவன்தான் இவ்வளவு நேரம் பேசுவான்.

இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம் கழித்து இடைவேளை விட்டார்கள். மொத்தக் கூட்டமும் எழுந்து ஒரே பக்கம் ஓடிற்று. பெண்களுக்குக் கழிப்பறை இரண்டு, ஒன்றில் தண்ணீர் இல்லை. எனக்கு முன்னால் இருபத்திரண்டு பேர், பின்னால் ஞானம்பாள் அத்தை. பெண் பார்க்க ஒதுக்கிய பத்து நிமிடமும் அந்த வரிசையில்தான் கழிந்தது.

"எங்க ஊர்ல பாரதக் கூத்து பத்து நாளு நடக்கும் கண்ணு. பத்து நாளும் அசையாம குந்திகினு பாத்தவ நானு" என்றார் அத்தை. "அதுல செத்தவன் செத்தான். இங்க ஒருத்தன நாலு தபா சுட்டும் எழுந்து வந்துகினே கீறான்."

சிரித்துவிட்டேன். "உங்க புள்ளதானே அத்தை இந்தப் படம்னு சொன்னாரு?"

"அவன் ஏற்கெனவே ரெண்டு தபா பாத்தாச்சு. இதோட மூணு."

மொத்தம் பதினொரு மணி நேரம் இருபத்து நான்கு நிமிடம். ஒரு மனிதனின் ஆயுளில்.

"எனக்குச் சக்கரை வேற கீது, காலைல எட்டு மணிக்கு மாத்திரயும் ரெண்டு இட்லியும்" என்று காலை மாற்றி மாற்றி வைத்தார். முன்னால் நின்றவர்களிடம் சொல்லி அவரை முதலில் அனுப்பினேன்.

ஒன்றரை மணிக்கு, திரையில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தபோது, அத்தையின் கை என் கைமேல் பட்டது. சில்லென்று வியர்த்து நடுங்கியது. லேபில் தினமும் பார்க்கிற நடுக்கம். சர்க்கரை இறங்கிவிட்டது.

குனிந்து ஜெயக்குமாரிடம் சொன்னேன். "அம்மாவுக்கு மயக்கம் வருது. வெளிய இட்டுகினு போலாம், எழுந்துருங்க."

"அஞ்சு நிமிஷங்க. இப்பதான் ட்விஸ்ட்டு" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது தடவை பார்க்கிறவருக்கு ட்விஸ்ட்.

நானே அத்தையைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். கேன்டீனில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். கால் மணியில் நடுக்கம் நின்றது. பிறகு இரண்டு பிஸ்கட். மகன் வருவான் என்று அத்தை கதவைப் பார்த்துப் பார்த்து, பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். உள்ளே வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு இருபத்தெட்டுக்குப் படம் விட்டது. ஜெயக்குமார் முகமெல்லாம் பரவசமாக வந்தார். பின்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு அண்ணன்.

"கிளைமாக்ஸ விட்டுட்டீங்களே! அதுலதான் மேட்டரே கீது" என்றார் ஜெயக்குமார். "பரவால்ல, பொங்கலுக்கு ரெண்டாம் பாகம் வருது. நாலு மணி நேரமாம். சேந்தே பாக்கலாம்."

"நீங்க அதையும் மூணு தபா பாருங்க" என்றேன். "நான் வரல. பொங்கலுக்கும் வரல, அதுக்கு முன்னாலயும் வரல."

"துர்கா!" என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

"பொண்ண இன்னாத்துக்கு அதட்டுற?" என்றார் அத்தை. "அது சரியாத்தான் சொல்லிச்சு." பிறகு மகனைப் பார்த்து, "வண்டிய எட்றா. பசிக்குது" என்றார்.

அத்தையின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். வியாழக்கிழமை லேபுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஐந்து நிமிட வேலை.