வெர்னா இருக்கும் அறையில் பால் உறையாது

ரத்தம் இளக்கும் மாத்திரையை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரத்திலிருந்து, வெர்னா ஸும்ப்ரூன் இருக்கும் அறையில் பால் உறைவதில்லை. முதல் ரத்தக்கட்டி அவளுக்கு இடது காலில் வந்தது. ஆறு மாதம் மாத்திரை தின்றாள், விட்டாள். அடுத்தது நுரையீரலுக்கே ஏறி, ஆளைத் தூக்கிப்போடப் பார்த்தது. எங்கள் விஸ்கான்சின் ஊரின் சீஸ் ஆலையில் அவள் கைதான் முதல் கை. பிழைத்துத் திரும்பி வந்து தொட்டியில் உறை ஊற்றினாள். பால் பாலாகவே கிடந்தது. உறையை மாற்றினார்கள், பாலை மாற்றினார்கள், வெப்பமானியைத் திட்டினார்கள். அவள் காபி குடிக்க வெளியே போனால் கட்டியானது, உள்ளே வந்தால் இளகியது. பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மீன் வறுவலை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். முதலாளி அவளைப் பெட்டி ஒட்டும் கூடத்துக்கு மாற்றினார். அந்த அவமானம் அவளை அரித்தது.

ஆகஸ்டில், நல்ல சீஸுக்குப் பரிசு கொடுக்கும் மாவட்டக் கண்காட்சி நெருங்கியது. அவள் புருஷன் எல்ராய், பால் லாரி ஓட்டுபவன், ஒரு நாள் காலையில் சமையலறைக்குள் வந்தால், பானை நிறையப் பால் கெட்டியாக உறைந்திருக்கிறது.

"கத்தி போட்டா எப்படி நிக்குது பாரு! இந்த வருஷம் பரிசு எனக்குத்தான்" என்றாள் வெர்னா.

எல்ராய் பானையைத் தள்ளிவைத்தான். "அடிப்பாவி, மாத்திரையை எப்ப நிறுத்தின?"

"கண்காட்சி வரைக்கும்தான். அதுக்குள்ள என்ன குடி முழுகிடும்?"

"போன தடவை மூச்சு முட்டி என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தியே, மறந்துட்டியா? எனக்கு நீ வேணும்டி. சீஸ் கடையில கிடைக்கும்."

அவள் கெண்டைக்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. லாரியிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். கட்டி முழங்காலைத் தாண்டுமுன் பிடித்துவிட்டார்கள். அந்த வருஷப் பரிசை வேறு யாரோ வாங்கினார்கள்.

இப்போது தினமும் காலையில், அவள் தட்டுக்குப் பக்கத்தில் எல்ராய் ஒரு கோப்பை வெதுவெதுப்பான பாலில் உறை விட்டு வைக்கிறான்.

"எனக்கு வாய் இல்லையா? மாத்திரை போட்டியான்னு கேட்டா சொல்ல மாட்டேனா?" என்பாள் அவள்.

"உன் வாயைத்தான் ஒரு தடவை நம்பினேனே!"

செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, கோப்பையைச் சாய்த்துப் பார்ப்பான். பால் தளும்பும். ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவான்.