சுவரில் மூன்றாவது ஆள்

மடத்துக் கோயிலில் அடக்கப் பூசைக்கு இருந்தவர்கள்: பாதிரியார், குழி வெட்டும் ரேமோ, அவனுடைய இரண்டு மச்சான்கள், செத்துப்போன கன்னியாஸ்திரியின் தம்பி ஒத்தாவியோ. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எத்தனை கன்னியர் என்று தெரியாது. பாட்டு மட்டும் வந்தது.

பாட்டு நின்றதும் ஒத்தாவியோ ரேமோவிடம் போனான். "நாலாவது ஆளா நான் தூக்கறேன்."

"சொந்தக்காரங்க வேணாம்ப்பா. நடுவழில அழுது கைய விட்டுடுவாங்க."

"நான் அழமாட்டேன்."

ரேமோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஆமா, அழற மூஞ்சி இல்ல. வா."

பெருஜியா நகரத்துப் பார்சல் கிடங்கில் ஒத்தாவியோவுக்கு இரவு வேலை. மாதம் ஒருமுறை வந்து, இரட்டைக் கம்பிக்கு வெளியே உட்கார்ந்து அக்காவோடு பேசுவான். விரல்கூட நுழையாது. ஆண்களில் டாக்டரும் பிணம் தூக்குகிறவர்களும்தான் உள்ளே போகலாம். அவள் கையை ஒருமுறை தொட வேண்டும். அதற்கு இது ஒன்றுதான் வழி.

முக்காட்டை இறக்கிவிட்ட ஒரு கன்னி மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆண்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். நடை நெடுகக் கதவுகள் சாத்திக்கொண்டன.

"மந்திரி வந்தாக்கூட இந்த மரியாதை கெடையாது," என்றான் ரேமோ. "இத்தன வருஷமா வரேன், ஒரு மூஞ்சி தெரியாது."

கன்னியர் ஜெபிக்கும் கூடத்தில் பெட்டி மூடியிருந்தது. மூடியில் திருகாணிகள் இறுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் மடத் தலைவி எவுஃபேமியா மட்டும் நின்றிருந்தார்.

"கொஞ்சம் தெறக்கணும், மதர். நான் அவ தம்பி."

"காலைலயே மூடிட்டோம்ப்பா. வீட்ல உள்ளவங்க எல்லாரும் பாத்து முடிச்ச பெறகுதான்."

வீட்டில் உள்ளவர்கள். கன்னியரைச் சொன்னார்; அவனை இல்லை. தலையைத் தூக்கியபோது எதிர்ச் சுவரில் அந்த ஓவியம் இருந்தது. இந்தச் சபையைத் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் நின்றபடியே சாகிறார். சீடர்கள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாத சுவர். அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்வாள்: "மூணாவதா நிக்கறவன் அப்படியே நீதான்டா. காதுகூட."

எண்ணிப் பார்த்தான். மூன்றாவது ஆளுக்கு முகம் இல்லை. ஈரம் தின்று, கழுத்துக்கு மேலே வெறும் காரைதான் இருந்தது. கைகள் மட்டும் கிழவரின் அக்குளைப் பிடித்திருந்தன.

"இது எப்ப இப்படி ஆச்சு, மதர்?"

"நான் வந்தப்பவே இப்படித்தான். உங்க அக்கா எனக்கும் பின்னாடி வந்தவ." ஓவியத்தைப் பார்த்தபடி, "அவ ஜெபத்துக்கு ஒக்கார அதுக்கு நேரா இருக்கற எடத்ததான் கேட்டு வாங்கிக்கிட்டா," என்றார்.

"தூக்குங்கடா," என்றான் ரேமோ.

ஒத்தாவியோ தலைமாட்டுக்குப் போய்த் தோள் கொடுத்தான். பெட்டி கனக்கவில்லை. தோட்டத்துக் கல்லறையில் இறக்கும்போது கயிறு அவன் உள்ளங்கையை அறுத்தது. அவன் விடவில்லை.

திரும்பும்போதும் மணி முன்னால் போனது. வாசலில் தலைவி கேட்டார்: "அடுத்த மாசம் வருவியாப்பா?"

"யாரப் பாக்க, மதர்?"

அவர் கதவில் கை வைத்தார். ரேமோவும் மச்சான்களும் சிகரெட் பற்றவைத்தபடி சரிவில் இறங்கிப் போய்விட்டார்கள். ஒத்தாவியோ படியைத் தாண்டித் தெருவில் கால் வைத்தான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. பிறகு சாவி, நிதானமாக, இரண்டு சுற்று.