ஒரு விரல் இடம்

...இல்லை, இது எங்கோ கேட்ட சத்தம், எங்கோ என்ன எங்கோ, பத்து வருடமாக விடிந்ததும் முதலில் காதில் விழுகிற சத்தம், ஆனால் கைப்பேசிக்குள்ளிருந்து வரும்போது மட்டும் ஏன் இப்படி யாருடையதோ மாதிரி இருக்கிறது, என்று நோயல் அந்த வாய்ஸ் மெசேஜை மூன்றாம் தடவையாகக் காதோடு ஒட்டவைத்துக் கேட்டார். கிணிகிணிகிணி... கொஞ்சம் நிற்கிறது, மறுபடி கிணிகிணி. அதற்கு முன்னால் ஒரு பெண்குரல், தூரத்திலிருந்து: "மஞ்ச லைட்டு அணையட்டும்பா, அப்புறம் சாவிய திருப்பு." சத்தம் தொடங்கியதும் அதே குரல்: "அதுக்கு பயப்படாத, அது ஒண்ணும் இல்ல." யூனிஸ். அவருடைய யூனிஸ்தான், சந்தேகமே இல்லை. அந்தக் கிணிகிணியும் அவர் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே பிக்கப்தான், விவேக் நகரில் வீட்டு வாசலில், சாவி கையில், இன்னும் ஸ்டார்ட் செய்யாமல், வியாழக்கிழமை சர்ச் நொவீனா ஜெபத்துக்குப் போகிற கூட்டம் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கண்ணாடியை உரசிக்கொண்டு போகிறது. பதினோரு மணிக்கு வண்டியைப் பார்க்க ஆள் வருகிறான். மணி பத்து இருபது. வருகிறவன் இப்போது குரூப்பில் உட்கார்ந்துகொண்டு, இந்த வண்டியை வாங்கலாமா என்று ஊரைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அதுவும் விற்கிறவனையும் சேர்த்து.

குரூப்புக்குப் பெயர் பிக்கப் கெளெயரு, கன்னடத்தில் கெளெயரு என்றால் நண்பர்கள், ஆரம்பித்தபோது ஒன்பது பேர், இப்போது இருநூற்றுச் சொச்சம், கிளட்ச் வழுக்கினால், ஏற்றத்தில் புகை தள்ளினால், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் எல்லாம் இங்கேதான் வந்து விழும், சத்தம் என்றால் பதிவு செய்து போடுவார்கள், உடனே யாராவது நோயல் அண்ணனைக் கூப்பிடுவார்கள். காதுக்காரர் என்று பெயர். இந்தப் பையன் அஷ்வத், ஒக்கலிபுரம், நேற்றுத்தான் குரூப்பில் சேர்ந்தான். சனிக்கிழமை அவன் வண்டியைப் பார்க்க வந்தபோது நோயல் முட்டிக்குப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், யூனிஸ்தான் சாவி கொடுத்து, பக்கத்தில் நின்று காட்டினாள், ஆர்.சி. புத்தகமும் அவள் பெயரில்தான், ஆகவே அவனுக்கு நோயல் என்று ஒருவர் இந்த வண்டிக்குள் இருப்பதே தெரியாது. பாவம், நல்லவிதமாகத்தான் கேட்டிருக்கிறான்: "எல்லாருக்கும் நமஸ்காரா. ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப் பாத்திருக்கேன். காலைல ஸ்டார்ட் பண்ணா இந்த சத்தம் வருது. இன்னிக்கு பதினொண்ணுக்கு முடிவு சொல்லணும். வாங்கலாமா அண்ணா?" அதன் கீழே அடுகோடி க்ளென், அந்த வாய் சும்மா இருக்குமா: "பேரிங் போச்சு குரு. எஞ்சின் இறக்கணும். பேடா, வேணாம், விட்டுடு." பாலகுமார், இளநீர் லோடு அடிக்கிறவர், நிதானமான ஆள்: "தகடு ஆடுற மாதிரியும் இருக்கே. நோயல் கட்டு போட்டா போதாதா?" உடனே க்ளென்: "அட போப்பா. ஓனர் வீட்டம்மா பின்னாடி பேசுது, கேட்டியா? ஒண்ணும் இல்லன்னு. விக்கிறவங்க வேற என்ன சொல்வாங்க? அந்தம்மாக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியுமா?" அதற்குப் பதினொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். கடைசியாக அஷ்வத்: "நோயல் அண்ணா, உங்களதான் கேக்க சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். நினைத்தபோதே இதமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பையன் பயந்து ஓடிவிடுவான், பதினோரு மணிக்கு யாரும் வரமாட்டார்கள், யூனிஸ் காத்திருந்து காத்திருந்து சரி போகட்டும் என்பாள், வண்டி இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம் வாசலிலேயே நிற்கும். பொய்யா சொன்னேன், சும்மா இருந்தேன், அவ்வளவுதானே? ஆனால் வண்டியை விற்றுவிடலாம் என்று யூனிஸிடம் வாக்குக் கொடுத்தது அவர்தான், போன மாதம் சில்க் போர்டு சிக்னலில் கிளட்ச்சை மிதித்த கால் திரும்பி வராமல், பின்னால் முழு ஓசூர் ரோடும் ஹாரன் அடிக்க, இடது முட்டியைக் கையால் தூக்கி வைத்து வண்டியை ஓரம் கட்டிய அன்றைக்கு. டாக்டர் சொன்னதை அவர் யூனிஸிடம் பாதிதான் சொன்னார், அவளே போய் மீதியைக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றாம் தேதியிலிருந்து மச்சான் கிளெமென்ட்டின் ஹார்ட்வேர் கடையில் கல்லாவில் உட்கார வேண்டும், மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில்... நாற்காலிக்கு கியர் உண்டா, ஹாரன் உண்டா, மழை பெய்தால் முன்கண்ணாடியில் சத்தம் கேட்குமா? இதையெல்லாம் யாரிடம் சொல்வது, சொன்னால் சின்னப்பிள்ளை மாதிரி என்பார்கள், அது உண்மையும்தான்.

அந்தச் சத்தம் ஒன்றுமில்லாத சத்தம். சைலன்சருக்கு மேலே சூடு தடுக்கிற தகடு, அதன் ஒரு போல்ட் உடைந்து பத்து வருடம் ஆகிறது, கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறது, குளிரில் தளர்ந்து நாலு நிமிடம் கிணுகிணுக்கும், சூடேறியதும் அடங்கிவிடும். போல்ட் உடைந்த அன்றைக்கு வேலூருக்கு ஒரு வீடு மாற்றும் லோடு, ஏற்றி இறக்க வர வேண்டிய ஆள் வரவில்லை, நான் வர்றேன் வாங்க என்று யூனிஸ் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள், ஓசூர் தாண்டும்வரை ஜன்னலில் கை வைத்துப் பாடிக்கொண்டே வந்தாள், கோயில் பாட்டுகூட இல்லை, எல்லாம் சினிமாப் பாட்டு. சூளகிரி இறக்கத்தில் கீழே கரகரவென்று தகடு ரோட்டில் இழுபட, நிறுத்திப் பார்த்தால் வானம் கருத்துக்கொண்டு வருகிறது, மேலே லோடில் அந்த வீட்டு மெத்தைகள் திறந்து கிடக்கின்றன. நோயல் மல்லாந்து படுத்துக் கையை விட்டார், விரல்வரைதான் போனது, முழங்கைக்கு வழியில்லை. நகருங்க என்றாள். முப்பத்தைந்து வயதிருக்குமா அப்போது? தார்ரோட்டில் சாக்கு விரித்துப் படுத்து, வளையலைக் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அந்த ஒல்லிக் கையை உள்ளே விட்டாள். இறுக்கிக் கட்டு, நல்லா இறுக்கு என்று இவர் வெளியிலிருந்து கத்த, உள்ளிருந்து அவள் குரல்: "இறுக்கக் கூடாதுங்க. சூடானா உப்பாதா? ஒரு விரல் இடம் விடணும். இல்லனா தகடே கிழிஞ்சிரும்." யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு? யாரும் இல்லை, பத்தாவது வரை படித்தவள், யோசித்தாள், அவ்வளவுதான். வெளியே வந்தபோது மணிக்கட்டில் சூடு பட்டுச் சிவந்திருந்தது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது, வாட்ச் கட்டினால் தெரியாது. அன்றைக்கு மெத்தை நனையவில்லை. அன்றைக்கு மாதிரி இன்னொரு நாள் அவருக்கு வரவில்லை, அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதும் இல்லை.

அந்தக் கட்டுத்தான் நோயல் கட்டு. அது எப்படி நோயல் கட்டு ஆனது? குரூப் தொடங்கிய புதிதில் யாரோ அத்திப்பள்ளியில் தகடு தொங்கி மாட்டிக்கொண்டு கேட்க, இவர் வாய்ஸில் படிப்படியாகச் சொன்னார், கம்பியை இரட்டையாக மடி, எட்டுப் போடு, ஒரு விரல் இடம் விடு. யாரு அண்ணா சொல்லிக் குடுத்தாங்க என்று கேட்டான். நானே கண்டுபிடிச்சது என்றார். ஒரே வார்த்தை, வாயில் வந்துவிட்டது, ரோட்டில் பெண்டாட்டியைப் படுக்கவைத்தேன் என்று சொல்லக் கூச்சமா, பேர் வாங்கும் ஆசையா, இரண்டும்தான். அப்புறம் அதைத் திரும்ப எடுக்க முடியுமா? பேர் ஒட்டிக்கொண்டது, காதுக்காரர், கட்டுக்காரர். இன்றைக்கு ஓசூர் ரோட்டில் எத்தனை வண்டி அந்தக் கட்டோடு ஓடுகிறதோ... அதைக் கட்டியவளைத்தான் க்ளென் ஸ்பூன் என்கிறான், பதினொரு பேர் சிரிக்கிறார்கள்.

பத்து நாற்பத்திரண்டு. நோயல் சாவியைத் திருப்பி, டாஷ்போர்டில் மஞ்சள் லைட் அணையும்வரை காத்திருந்து, ஸ்டார்ட் செய்தார். கிணிகிணிகிணி. கைப்பேசியைக் கீழே தாழ்த்திப் பிடித்துச் சத்தத்தை நன்றாக வாங்கிக்கொண்டு, பிறகு வாயருகே கொண்டுவந்தார். "கேட்டீங்களா? அஷ்வத், நீ போட்ட சத்தமும் இதும் ஒண்ணுதான்ப்பா. நீ பாத்தது என் வண்டி. க்ளென்னு, பின்னாடி பேசுனது என் வீட்டுக்காரி யூனிஸ். பேரிங்கும் போகல, ஒரு மண்ணும் போகல, தகடுதான். இன்னொண்ணும் கேளுங்க. நோயல் கட்டு நோயல் கட்டுன்றீங்களே, அது என்னுது இல்ல. சூளகிரில ரோட்டுல படுத்து அவ கட்டுனது. ஒரு விரல் இடம் விடணும்னு சொன்னதும் அவதான். நான் வெளிய நின்னு கத்திகினு இருந்தேன், அவ்ளோதான். அஷ்வத், வண்டி நல்ல வண்டி. அந்த சத்தம் வர்ற வரைக்கும் கட்டு சரியா இருக்குன்னு அர்த்தம். இறுக்கிடாதப்பா." அழித்துவிட்டு மறுபடி பேசலாமா என்று யோசிப்பதற்குள் விரல் விட்டுவிட்டது, போய்விட்டது.

இரண்டு நிமிடம் கழித்து க்ளென்: "அண்ணா சாரி. அக்காகிட்ட சொல்லிடுங்க." பாலகுமார் கும்பிடுகிற கை போட்டார். அஷ்வத்: "கெளம்பிட்டேன் அண்ணா. வாங்கிக்குறேன். அக்காவ பாத்து கட்டு எப்படின்னு அவங்ககிட்டயே கேட்டுக்குறேன்." அக்காவிடமே கேட்பானா? யூனிஸ் குரூப்பில் இல்லை. அவளுக்கு நோயல் கட்டு என்ற பேரே தெரியாது. இத்தனை வருடமாக இத்தனை பேர் அவள் முடிச்சைக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதும் தெரியாது, அதை ஒருவர் தன்னுடையது என்று வைத்துக்கொண்டிருந்ததும் தெரியாது. இருநூறு பேருக்குச் சொல்லிவிட்டேனே, ஒருத்திக்குச் சொல்லவில்லையே... வண்டி போவதைப் பற்றித்தானே இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்தேன்?

வாசலில் யூனிஸ், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க? என் பேரு அடிபட்டுச்சே."

ஒன்றுமில்லை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நோயல் அதை விழுங்கினார். எஞ்சின் சூடேறிக் கிணிகிணி அடங்கியிருந்தது. இடதுபக்கக் கதவு உள்ளிருந்துதான் திறக்கும், வலிக்கிற முட்டியோடு சாய்ந்து அதைத் திறந்துவிட்டார். "கொஞ்ச நேரம் ஏறி உக்காரு." "என்னங்க, பதினொண்ணு ஆகுது, அந்தப் பையன் வந்துருவான்..." என்றாள், ஆனாலும் பழக்கத்தில் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, ஜன்னலில் கை வைத்தாள். தெருமுனையில், மெழுகுவர்த்திக் கடைகளுக்கு நடுவே, ஒரு பைக் வழி கேட்டுக்கொண்டு நின்றது. நோயல் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். வாட்ச் கட்டியிருக்கவில்லை. சூளகிரியிலிருந்து தொடங்குவதா, அத்திப்பள்ளியிலிருந்தா என்று அவருக்குத் தெரியவில்லை.