ஒரு சாண் முன்னே

ஒன்பதாவது முறை அன்செல்ம் விழுந்தபோது, அவர் கட்டிய பறக்கும் இயந்திரமும் அவர் மேலேயே விழுந்தது.

அதற்கு முந்தைய எட்டு முறையும் ஒரே கதைதான். புல்வெளியில் தடதடவென்று ஓடும், மூக்கைத் தூக்கும், மறுகணமே வால் தரையில் இடித்து நின்றுவிடும். இந்த முறை ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. மனைவி லெயோந்தின் வாயில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பக்கமாகச் சரிந்து, வேலிப் புதரைத் தாண்டி, பக்கத்து நிலத்துக்காரி மதாம் பெர்த்தியேயின் மேய்ச்சல் நிலத்தில் தலைகீழாகக் கவிழ்ந்தது.

வேறு யார் நிலமானாலும் பரவாயில்லை. கணவரை இழந்து தனியாளாகப் பதினாறு பசுக்களை வைத்திருந்த அந்த அம்மாள், எஞ்சின் சத்தம் கேட்டாலே வேலியோரம் வந்து நின்று கத்துவார். "சைக்கிளுக்கு ஒழுங்கா பஞ்சர் ஒட்டத் தெரியல, துரைக்கு ஆகாசத்துல சவாரி கேக்குதாக்கும்!" பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்த அந்தச் சிற்றூரில் அன்செல்மின் சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கவிழ்ந்த இயந்திரத்துக்கு அடியில் கால் சிக்கிக் கிடந்த அன்செல்முக்கு முதலில் பெட்ரோல் வாடைதான் தெரிந்தது. அப்புறம் கழுதை வண்டியின் சத்தம்.

"யோவ், உசுரோட இருக்கியா?"

"இருக்கேன் மதாம். கால் மாட்டிக்கிச்சு. கிட்ட வராதீங்க, பத்திக்கும்!"

சொல்லி வாய் மூடவில்லை, எஞ்சின் பக்கம் குப்பென்று தீப்பிடித்தது. இறக்கைத் துணியில் ஏறி அவருடைய கால்சட்டைக்கு வந்தது. அந்த அம்மாள் ஓடவில்லை. வண்டியிலிருந்த பால் கேனைத் தூக்கி வந்து அப்படியே கவிழ்த்தார். இரண்டாவது கேன். மூன்றாவது கேன். அதற்குள் மூச்சிரைக்க ஓடிவந்த லெயோந்தினும் அவருமாகச் சட்டத்தைத் தூக்கி, அன்செல்மை வெளியே இழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு மதாம் வீட்டில் பாலாடைக்கட்டி செய்ய ஒரு சொட்டுப் பால் மிச்சமில்லை.

தன் சமையலறையில் உட்காரவைத்துக் காயத்துக்குக் கட்டுப்போட்டார் மதாம். ஆப்பிள் சாராயம் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார்.

"போதும் மதாம். இனிமே அந்தப் பக்கமே போகப்போறதில்ல."

"நல்லது. என் பசுங்க நிம்மதியாப் புல்லு மேயும்." சாராயப் புட்டியை மூடி வைத்தார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். நீ ஏன் அவ்ளோ பின்னால தள்ளி உக்காந்துக்கற?"

"என்னது?"

"என் வண்டியில கேனையெல்லாம் பின்னால அடுக்கினா, கழுதைக்கு முன்னங்காலு தரையில பாவாது. உன் வண்டியும் அப்படித்தான் எகிறுது. முன்னால நகத்தி வெச்சா ஒழுங்காப் போகும்."

அன்செல்ம் கோப்பையைக் கீழே வைத்தார். "இதை எப்பப் பாத்தீங்க?"

"ஒம்பது தடவையும் பாத்தேன். கத்தினது வாய்தானே? கண்ணு பாத்துக்கிட்டுத்தானே இருந்துச்சு."

உயிரைக் காப்பாற்றியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று அதுவரை அன்செல்ம் வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க வேடிக்கை பார்த்த ஒன்றை, ஒரே ஒருவர் உண்மையிலேயே கவனித்துப் பார்த்திருக்கிறார். இதற்கு என்ன சொல்வது? லெயோந்தின்தான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பழுதுபார்க்க ஏழு வாரம் ஆயிற்று. லெயோந்தின் புதிதாக இறக்கை தைத்தாள். அன்செல்ம் இருக்கையை ஒரு சாண் முன்னே தள்ளிப் பொருத்தினார். மதாமுக்குக் கடல் பார்த்த மேட்டு நிலம் ஒன்றும் இருந்தது; அதில் வேலியோ மரமோ கிடையாது. அதை அவர் தானாகவே பறக்கக் கொடுத்தார். அன்செல்ம் கேட்கக்கூட இல்லை.

அக்டோபர் மாதத்துக் காலை ஒன்றில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. மூக்கு எகிறவில்லை. சக்கரங்களின் தடதடப்பு திடீரென்று நின்றது. ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் அன்செல்ம் நினைத்தார். குனிந்து பார்த்தார், புல் வெகு கீழே ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் உப்புக்காற்று அடித்தது. எழும்பிய இடத்திலிருந்து இறங்கிய இடம் வரை பிறகு லெயோந்தின் நடந்து எண்ணிப் பார்த்தபோது நூற்று எண்பத்து மூன்று காலடி இருந்தது.

தரை தொட்டதும் எஞ்சினை நிறுத்தி, அன்செல்ம் நொண்டியபடி நடந்தார். லெயோந்தின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு மேட்டோரம் நின்றிருந்த மதாம் பெர்த்தியேயிடம் நேரே போனார். ஏழு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அந்த அம்மாளின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டார்.

"விடுய்யா, மூஞ்சியெல்லாம் எண்ணெய்!" என்று தள்ளிவிட்டார் மதாம். ஆனால் கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.